மேகமில்லாத ஊரில் ஒரு பஸ்

ஜனவரி 9

அன்பு மகள் வாலுவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை. அம்மாவின் தையல் மிஷின் காலையிலிருந்து கடகடத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அவளும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபோது ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டியரிங், இரண்டு பெடல், பஸ் ஓட்டுகிற விளையாட்டு சிடி என்று வாங்கி வைத்துவிட்டுப் போனாயே, அந்தப் பஸ் இப்போது வீட்டில் தினமும் ஓடுகிறது. ஆனால் இழுக்கிறது. திருப்பத்தில் படம் நின்று நின்று வருகிறது. பிரேக்கை மிதித்தால், ஒரு மூச்சு விட்டு முடித்த பிறகுதான் பஸ்ஸுக்குச் செய்தி போகிறது. நிஜ பஸ் இப்படி இருந்தால் நான் டிப்போவை விட்டு வெளியே எடுத்திருக்க மாட்டேன்.

கம்ப்யூட்டரின் மூளையை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டலாம், அதற்கு 'ஓவர்கிளாக்' என்று பெயர் என்று பழுது பார்க்கிற கடைக்காரர் சொன்னார். நீ வேலை பார்ப்பதே அந்த மூளையைச் செய்கிற தொழிற்சாலையில். எப்படிச் செய்வது என்று எழுது. மிதித்த உடனே நிற்கிற பஸ் எனக்கு ஏப்ரல் கடைசிக்குள் வேண்டும். ஏன் என்று கேட்காதே.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "எதுக்கு, எதுக்கு" என்று குடைவாய். கடிதத்தில் கேட்டால் அந்த வரி கண்ணில் படாத மாதிரி இருந்துவிடலாம். தவிர, நீ எழுதுவதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வேன்.

இப்படிக்கு,
அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எடை கூடியிருக்கிறேன். உத்தரவாதம் போதுமா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். என் வேலை என்ன தெரியுமா? நீங்கள் மூளை என்கிற ஒவ்வொரு சில்லையும் சூட்டில் வைத்து, குளிரில் வைத்து, "இது இவ்வளவு வேகம்தான் தாங்கும்" என்று முத்திரை குத்தி அனுப்புவது. அந்த முத்திரையை மீற என்னிடமே வழி கேட்கிறீர்கள். பஸ்ஸின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கிற ஈய முத்திரையை யாராவது தொட்டால் டிப்போவையே இரண்டாக்கினவர் நீங்கள்தானே?

சரி, செய்யலாம். ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மதர்போர்டு, அதாவது மூளையைச் செருகியிருக்கிற பலகை, அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர்களுக்காகச் செய்தது. மின்னழுத்தத்தைக் கூட்ட அதில் வழியே கிடையாது. மூளையின் வேகத்தைக் கூட்டுகிற பெருக்கு எண்ணைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டார்கள். பூட்டினவர்களில் நானும் ஒருத்தி. கம்ப்யூட்டர் எழும்போது 'டெலீட்' பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள், நீலத் திரை வரும். அதில் 'பஸ் வேகம்' என்ற வரிக்கு எதிரே என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள். எதையும் மாற்றாதீர்கள்.

இரண்டு கேள்வி. ஆசை ஆசையாக வாங்கின கார் வாசலில் நிற்கும்போது பொம்மை பஸ் மேல் எதற்கு இவ்வளவு கவலை? உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? ஒரு பக்கத்தில் எட்டு வரிதான் இருக்கிறது.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் வாலு


பிப்ரவரி 3

அன்பு வாலுவுக்கு,

உன் எடை கூடின செய்தி அறிந்து வீட்டில் மகிழ்ச்சி. இங்கே குளிர் விட்டுவிட்டது.

நீலத் திரையைப் பிடித்துவிட்டேன். அந்த வரிக்கு எதிரே மூன்றே எண்: 66, 75, 83. இப்போது 66-இல் நிற்கிறது. அவ்வளவுதான், வேறு கியரே இல்லை. அதற்கும் பஸ் என்றா பேர் வைத்திருக்கிறார்கள்? கம்ப்யூட்டருக்குள் பஸ் ஓட்டக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பஸ்ஸை விரட்ட வேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன், "அங்கயும் லேட்டாத்தான் வருதா?" என்றாள்.

ஈய முத்திரையை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பஸ்ஸில் அறுபது பேர் இருந்தார்கள். இதில் விழுந்தால் நாற்காலியிலிருந்துதான் விழ வேண்டும்.

பெடல் இரண்டுதானே இருக்கிறது, கிளட்ச் இல்லை. அதனால் இடது காலுக்கு ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன் மேல் பழைய தலையணையைக் கட்டியிருக்கிறேன். நன்றாக அமுங்குகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது. இழுக்கிற பஸ்ஸைப் பார்த்து இங்கே டிரைவருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பா,

நலமா? என் இரண்டு கேள்வியும் உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த காலுக்குத் தலையணை வைத்துப் பழகுகிற தேவை என்ன?

இதைச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற தூசியைத் துடையுங்கள். மூளையின் மேல் இருக்கிற விசிறியை எடுத்துப் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, நான் அனுப்புகிற வெள்ளைப் பசையை ஓர் அரிசி அளவு வைத்து மறுபடி பொருத்துங்கள். அரிசி அளவுதான் அப்பா. வேகம் கூடினால் சூடு கூடும், அந்தச் சூட்டை விசிறிக்குக் கொண்டுபோவது இந்தப் பசைதான். திறந்த பக்கத்தில் மேஜை விசிறியைத் திருப்பி வையுங்கள். பிறகு 66-ஐ 75 ஆக்குங்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

83 பக்கம் போகவே கூடாது. பஸ் என்பது தகவல் போய்வருகிற பாதை. இந்தப் போர்டில் அதன் வேகத்தைக் கூட்டினால் மூளை மட்டும் ஓடாது, அதோடு கட்டின எல்லாமும் சேர்ந்து ஓடும், ஹார்ட் டிஸ்க் உட்பட. அதில் பதிந்திருப்பதெல்லாம் கெட்டுப்போகும். நல்ல போர்டில் தனித்தனியாகப் பிரித்துவிட வழி இருக்கும். இதில் இல்லை.

திரையே வராவிட்டால் பயப்படாதீர்கள். போர்டில் இருக்கிற வட்டமான சின்ன பேட்டரியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வாலு


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, கம்ப்யூட்டருக்குத்தான்.

நீ அரிசி அளவு என்றாய். பேரிங்குக்கு கிரீஸ் வைத்துப் பழகின கை, அவ்வளவு கஞ்சத்தனம் பண்ண மனசு வரவில்லை. தாராளமாக வைத்தேன். விசிறியை அழுத்தினதும் நாலு பக்கமும் பிதுங்கி வழிந்துவிட்டது. அம்மா வெட்டுத்துணி கொண்டுவந்து துடைத்தாள், திட்டிக்கொண்டே.

75 நன்றாகத்தான் ஓடியது. இழுப்பு குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. பிறகு எப்படியோ அது 83 ஆகிவிட்டது. நான் கியரைத் தாண்டிப் போகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். "ஏத்துறதுதான் ஏத்துறோம், முழுசா ஏத்திப் பாத்துடலாமே" என்று வீட்டில் ஒரு கருத்து இருந்தது.

ஆனால் வாலு, அந்த ஒரு சாயங்காலம்! மிதித்தால் நின்றது. நிறுத்தத்தில் கோட்டின் மேலேயே நின்றது. பஸ் நின்றதும் நான் விசில் அடித்தேன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது.

மறுநாள் விளையாட்டு ஊரில் பாதியைக் காணோம். தெருப் பெயர்ப் பலகைகளில் கிறுக்கலாக ஏதோ வந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை. பேட்டரியைக் கழற்றி டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். நீலத் திரை வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. ஏப்ரல் வந்துகொண்டிருக்கிறது. ஏதாவது வழி சொல்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அம்மா,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

டிஸ்க்கைச் சரி பண்ணிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. எனக்கு வேறு பயம். அப்பாவின் எழுத்து கடிதத்துக்குக் கடிதம் பெரிதாகிறது. வரி ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. காரைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. ஏப்ரல் கடைசி என்கிறார், எதற்கென்று சொல்வதில்லை. இப்போது, பஸ் நின்றதும் விசில் அடித்தேன் என்கிறார். விசில் அடிக்கிறவர் கண்டக்டர். அப்படியானால் அந்தப் பஸ்ஸை ஓட்டினது யார்?

என்னிடம் எதை மறைக்கிறீர்கள்? நீ எழுதுகிற வரை எனக்குச் சோறு இறங்காது. எடை குறைந்தால் உன் பொறுப்பு.

வாலு


மார்ச் 17

கண்ணு வாலுவுக்கு அம்மா எழுதுவது.

முதலில் சாப்பிடு. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

ஓட்டினது நான்தான். வேறு யார் ஓட்டுவார்கள், பூனையா?

உன் அப்பாவுக்குக் கண்ணில் பிரச்சினை. நேராகப் பார்ப்பது கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரிவதில்லை. சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தால் இருக்கிற பார்வை அப்படியே இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. கார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வந்து காருக்கு உறை போட்டு மூடினார். அப்புறம் தினமும் காலையில் அந்த உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரை அல்ல, உறையை.

"வாலுகிட்ட சொல்லாத, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். சரி என்றேன். ஆனால் எனக்கும் ஒரு யோசனை வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. மனுஷன் வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையடி. இறங்கும்போது "டிக்கெட்டை பத்திரமா வச்சுக்கோ" என்றார், அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் காரில் என்னை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசித் தீர்க்கிறேன் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அவர் ஓட்ட முடியாவிட்டால் என்ன? நான் ஓட்டுகிறேன், அவர் பேசட்டும்.

பயிற்சிப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வண்டி கொடுப்பார்கள். கண்ணால் அப்பாவின் உரிமம் போய்விட்டதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நம் காரில் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அதனால் மீதி நாளெல்லாம் உன் கம்ப்யூட்டரில் பழகினேன். தையல் மிஷின் மிதித்த கால், சீக்கிரம் பழகிக்கொண்டது. அங்கேதான் வந்தது வினை. அந்தப் பஸ் லேட்டாக நிற்கிறதே, அதனால் முன்கூட்டியே மிதிக்கப் பழகிவிட்டது கால். டிசம்பரில் உரிமம் வாங்கச் சோதனைக்குப் போனேன். நிறுத்தக் கோடு எங்கேயோ இருக்க, நான் எங்கேயோ நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "அம்மா, கோடு உங்களக் கடிக்காது, கிட்டப் போங்க" என்றார். உன் கம்ப்யூட்டரால் நான் பெயில்.

அடுத்த சோதனை ஏப்ரல் கடைசியில். அதற்குள் இந்தக் கால் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். அதுதான் சங்கதி. 83 போட்டதும் நான்தான். அப்பாவைத் திட்டாதே. கண்ணைப் பற்றி நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே.

அம்மா


மார்ச் 26

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

காட்டிக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியாது. அம்மாவின் கடிதத்தை நடைபாதையில் நின்று படித்து, ஒரே சமயத்தில் அழுது சிரித்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஓடிவந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "எங்க அம்மா பிரேக்க சீக்கிரம் போட்டுட்டாங்க சார்" என்றேன். அவர் போய்விட்டார்.

அப்பா, உங்கள் மேல் எனக்குக் கோபம். கண்ணைச் சொல்லாமல் மறைத்ததற்கு. வந்து நேரில் சண்டை போடுவேன், பாதியில் கட்டிக்கொள்வேன், மறுபடி சண்டை போடுவேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுங்கள்.

இப்போது வேலை. இதோடு அனுப்புகிற சிடிகளை வரிசையாகப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுங்கள். 75-தான். அம்மா, 75. அந்த வரியின் பக்கமே உன் விரல் போகக் கூடாது. மிச்ச வேகத்தைப் போர்டு தராது, நாம்தான் சுமையைக் குறைக்க வேண்டும். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் மேகம், நிழல், மரம், கட்டிடங்களின் தூரக் காட்சி, பயணிகள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சாலையும் பிரேக்கும் இருந்தால் போதும்.

அப்பா, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். கால் மிதிப்பதும் பஸ் நிற்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று சொல்ல உங்களைவிட ஆள் கிடையாது.

வாலு


ஏப்ரல் 11

அன்பு வாலுவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். கண்ணைப் பற்றி உனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் முதலில் அம்மாவிடம் எகிறினேன். பிறகு தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. இனிமேல் எழுத்தைச் சின்னதாக்கக் கஷ்டப்பட வேண்டாம் பார், இஷ்டத்துக்குப் பெரிதாக எழுதுகிறேன்.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பசையையும் துடைத்து அரிசி அளவு வைத்தேன். அம்மா நிஜமாகவே ஓர் அரிசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்புப் பார்த்தாள். 75. மேகத்தை எடுத்தோம், வானம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. மரத்தை எடுத்தோம். நிழலை எடுத்தோம். பயணிகளை எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஆளே இல்லாத பஸ்ஸ யாருக்காக நிறுத்தறது?" என்றாள்.

நியாயம்தானே. பயணிகள் இருக்கிறார்கள். மேகமில்லாத ஊரில் வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், பாவம்.

பிரேக் எப்படி என்று கேட்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பெடல் 'டக்' என்றதும் டயர் சத்தம் கேட்டது. நடுவில் ஒன்றும் இல்லை. முதல் நாள் அம்மாவின் கால் பழைய பழக்கத்தில் முன்னாலேயே போய் மிதித்தது. பஸ் அங்கேயே நின்றுவிட்டது, பயணிகள் நடந்து வந்து ஏறினார்கள். "பொறு, இன்னும் கொஞ்சம், இப்ப மிதி" என்று நான் கத்த, "கத்தாதீங்க, கால் குழம்புது" என்று அவள் கத்த, இப்படியே ஒரு வாரம். இப்போது கோட்டில் நிற்கிறாள். நான் விசில் அடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பதை விட்டுவிட்டார்.

அம்மா சோதனைப் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று வாடிக்கையாளர் சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டாள். இந்தத் தடவையும் போய்விட்டால் அவள் மறுபடி போக மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டிக்கொள்.

அப்பா


மே 4

அன்புள்ள அப்பா, அம்மா,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். சோதனை முடிந்திருக்க வேண்டும், உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் பண்ணினேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் எடுக்கவில்லை, மாலையில் எடுக்கவில்லை.

அம்மா, பெயில் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை இல்லாவிட்டால் இன்னொருமுறை. நானே நல்ல போர்டாக ஒன்று வாங்கி வருகிறேன், மேகம் மரம் எல்லாம் வைத்து ஓட்டலாம். இதற்காகப் பேசாமல் இருக்காதீர்கள். அப்பாவின் கண் சரியாக இருக்கிறதா? அதையாவது எழுதுங்கள்.

எனக்கு விடுமுறை கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்துவிடுவேன்.

கவலையுடன்,
வாலு


மே 11

கண்ணு வாலுவுக்கு,

நாங்கள் சௌக்கியம். கொஞ்சம் வெயிலில் கறுத்திருக்கிறோம்.

உன் கடிதம் வாசலில் கிடந்து இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. பதில் போடுவதற்கு வீட்டில் ஆள் இருந்தால்தானே?

அதே அதிகாரிதான் வந்தார். என்னைப் பார்த்ததும் சீட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் கோடு வந்தது. கால் முன்னாடியே போகப் பார்த்தது. "பொறு, இன்னும் கொஞ்சம்" என்று காதுக்குள் உன் அப்பா கத்தினார். பொறுத்தேன், மிதித்தேன். நின்றது. கோட்டின் மேலே. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார். "மேகமே இல்லாத ஒரு ஊர்ல" என்றேன். வெயிலில் வந்த கிறுக்கு என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்து அப்பாவிடம் தலையை மட்டும் ஆட்டினேன். மனுஷன் நடுத்தெருவில் விசில் அடித்தாரே, போகிற வண்டியெல்லாம் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் உறையைக் கழற்றினோம். அவர் பழைய வழித்தடம் முழுக்க முதலில் ஒரு சுற்று. அப்புறம் ஏரி, மலை, அவர் பெயர்ப் பலகையில் மட்டும் பார்த்த ஊரெல்லாம். மரத்தைப் பார்த்தால் நிறுத்தச் சொல்கிறார். மேகத்தைப் பார்த்தாலும் சொல்கிறார். பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. இத்தனை வருஷமாக எங்கேயடி வைத்திருந்தார்? முன் சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து விரிப்பையே ஓட்டையாக்கிவிட்டார். அதனால் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டேன். கண்ணாடிக்கு மேலே ஒரு போர்டும் எழுதி மாட்டியிருக்கிறேன். என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

பத்தொன்பதாம் தேதி வாடகை வண்டி பிடிக்காதே. ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நில்.

அம்மா

பி.கு: வாலு, ஓட்டுநருடன் பேச அனுமதி இல்லாததால் உன்னோடு பேசுகிறேன். அம்மா தந்த கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப் போய்க்கொண்டிருக்கிறோம். இதைப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற வண்டியில் எழுதுகிறேன். வழியில் இரண்டு சிக்னல், ஒரு திருப்பம், ஒரு நாய். எல்லாவற்றுக்கும் அவள் பிரேக் போட்டாள். எழுத்து பெரிதாக இருக்கிறது, அதை விடு. எங்கேயாவது குலுங்கியிருக்கிறதா, பார்த்துச் சொல்.